பாதி மூச்சு

திரையில் அவளுடைய மூச்சுக்குழாய் ஒரு சின்ன வெள்ளை வளையமாகத் தெரிந்தது, நடுவில் கருப்புப் புள்ளியுடன். டாக்டர் அதன் பக்கத்தில் போன வருடப் படத்தையும் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். டாக்டர் கண்ணாடி துடைத்தால் நல்ல சேதி வராது என்பது அக்காவின் நம்பிக்கை. அவள் மேசைக்கு அடியில் தங்கையின் தொடையைக் கிள்ளினாள்.

"வெள்ளை சுவர், கருப்பு காத்து போற வழி," என்றார் டாக்டர். "பல வருஷ ஆஸ்துமால சுவர் தடிச்சு வழி குறுகிடும். இந்த ஒரு வருஷ ஊசியில மெலியும்னு பாத்தோம். இது இன்னும் தடிச்ச மாதிரி இருக்கும்மா."

"அப்ப ஊசி?"

"பலன் தெரியலன்னா நிறுத்திடணும். படத்த வச்சுதான் முடிவு."

தங்கையால் அதை நம்ப முடியவில்லை. மோட்டார் சைக்கிள் டேங்குகளில் தூரிகையால் மெல்லிய தங்கக் கோடு இழுப்பது அவள் தொழில். ஊசிக்கு முன்னால் ஒருநாள் இருமல் வந்து கோடு துள்ளியது. மறுநாளும் துள்ளியது. முதலாளி திட்டவில்லை. "பரவால்லம்மா" என்று துணியால் துடைத்தார். அந்தக் கனிவு தாங்காமல்தான் வேலையை விட்டாள். இந்த மாதம் திரும்பிப் போயிருக்கிறாள். கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. அதெல்லாம் பொய்யா? தன் நெஞ்சே தன்னை ஏமாற்றுமா? இத்தனை நாள் கேட்டது இன்னொருவருடைய மூச்சோ என்று அவளுக்குத் தோன்றியது.

"இவ இப்ப மாடிப்படி ஏறிக்கிட்டே என்னோட சண்ட போடறா டாக்டர்," என்றாள் அக்கா. "போன வருஷம் உக்காந்துதான் போடுவா."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. படத்தைச் சுருக்கி நெஞ்சு முழுவதையும் திரைக்குக் கொண்டுவந்தார்.

"நுரையீரலே போன தடவைய விடச் சின்னதா இருக்கே. உள்ள படுத்தப்ப மூச்ச முழுசா இழுத்தீங்களா?"

"இழுத்தேனே."

"அப்படியே புடிச்சுக்கிட்டீங்க?"

"இல்ல, பாதிய விட்டுட்டுப் புடிச்சேன்."

"ஏன்?"

"ஸ்கேன் எடுக்கற பொண்ணு ஆடாம இருங்கன்னு சொல்லுச்சு. ஆடாம இருக்கணும்னா பாதிய விடணும்ல?" அவள் இல்லாத தூரிகையை விரல்களில் பிடித்துக் காட்டினாள். "நெஞ்சு நெறஞ்சிருந்தா கை துடிக்கும். காலியா இருந்தாலும் துடிக்கும். பாதியில நின்னாதான் கோடு நேரா வரும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! மெஷினுக்குள்ள படுத்துக்கிட்டு வண்டிக்குக் கோடு போட்டியாடி நீ?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "காத்து குறைஞ்சா குழாயும் சுருங்கும்மா, சுவரும் தடிப்பாத் தெரியும். ரெண்டு படத்தையும் ஒப்பிட்டதே தப்பு. ஆனா போன வருஷம் ஏன் பாதிய விடல?"

அவள் யோசித்தாள். அன்று அந்த மெஷினுக்குள் படுத்திருந்தபோது, கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்திருப்பவள் போலத்தான் மூச்சைப் பிடித்திருந்தாள்.

"அப்ப விடறதுக்கு மூச்சு ஏது டாக்டர்?"

டாக்டர் மெதுவாகத் தொலைபேசியை எடுத்தார். "அவங்கள மறுபடி அனுப்பறேன். கதிர்வீச்சக் குறைச்சு வச்சு எடுங்க. ஆடாம இருங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

இந்த முறை ஸ்கேன் எடுக்கும் பெண் மூச்சை அவளுக்குப் பழக்கிவிட்டே உள்ளே அனுப்பினாள். "இழுங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... அங்கேயே." கை பழக்கதோஷத்தில் பாதியை விடச் சொன்னது. அவள் விடவில்லை. விலா எலும்புகள் விரிந்தன. வாடகைக்கு இருக்கும் வீட்டில் இதுவரை திறக்காத அறைகள் ஒவ்வொன்றாகத் திறப்பது போல, உள்ளே இடம் வந்துகொண்டே இருந்தது. இத்தனை இடம் இருந்ததா? இதெல்லாம் என்னுடையதா?

புதிய படம் வந்தது. அதே குழாய், அதே இடம். போன வருட வளையம் தடிமனாக, கயிறு சுற்றியது போல இருந்தது. புதியது வெள்ளை நூல். நடுவில் கருப்பு அகலமாக, தாராளமாக இருந்தது.

"மெலிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். குரலை அடக்கப் பார்த்து முடியாமல், "நல்லாவே மெலிஞ்சிருக்கும்மா!" என்றார்.

அக்கா போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லங்க, என் தங்கச்சிக்குக் காத்து போகுது," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஊசி தொடர வேண்டும் என்று டாக்டர் அப்போதே தட்டச்சு செய்தார்.

கிளம்பும் முன் குழாய்களை முழுவதும் பார்க்க வேண்டும் என்றாள் அவள். டாக்டர் படத்தை நகர்த்தினார். கருப்பு இரண்டாகப் பிரிந்தது, மறுபடி பிரிந்தது, இலையில்லாத மரம் போல மெலிந்துகொண்டே போய் ஒரு சாம்பல் நிறத்தில் கரைந்தது.

"அவ்வளவுதானா?"

"இன்னும் நிறைய இருக்கு. ரொம்பப் பொடிசு, இந்த மெஷினுக்குத் தெரியாது."

"அங்கயும் காத்து போகுதா?"

"போய்க்கிட்டுத்தான் இருக்கு."

அவள் எழுந்து, கடைசிக் கிளை மறைந்த இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோனாள். குளிர்ந்த திரையில் அந்த இடத்தில் மெல்ல ஆவி படிந்தது. விலகியது. மறுபடி படிந்தது.