இரண்டு பேருக்கும் எழுதிய சீட்டு

வெயிலம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும். வேண்டியது மட்டும் கேட்கும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழில், கோவில்பட்டி டாக்டரம்மா கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது கருவும் கலைந்திருந்த சந்தனமாரிக்கு அன்று கிடைத்த ஒரே மரியாதை அந்தப் பேச்சுதான்.

"தாயோட வெள்ளணுக்கள் காவல்காரங்க மாதிரிம்மா. கர்ப்பப்பையில கரு வேர் பிடிக்க அதுங்கதான் உதவணும். சில பேருக்கு அந்தக் காவலே கருவை எதிரின்னு நினைச்சிருதோன்னு ஒரு சந்தேகம். சொந்தத்துல கட்டினவங்களுக்கு, ரெண்டு பேர் ரத்தமும் ஒண்ணுபோல இருக்கறதால காவல் முழிக்காமலே இருந்துருதுன்னும் சொல்றாங்க. எதுவும் முடிவாகலை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

இரண்டு சீட்டு எழுதினார். மாமியார் வெயிலம்மாள் இரண்டையும் வாங்கிச் சுருக்குப்பையில் திணித்தாள். மகன் சங்கரபாண்டி பருத்திக்கு மருந்தடிக்கிற சாக்கில் வரவேயில்லை. ஆள் ஆறடி. ஊசி என்றால் காய்ச்சல் வந்துவிடும்.

பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் வெயிலம்மாள் இருபது பேருக்குச் சொல்லிவிட்டாள்: "பேயும் இல்ல, பிசாசும் இல்ல தாயி. இவ ரத்தமே பிள்ளையத் தின்னுருக்கு. டாக்டரே சொல்லிட்டாவ."

போன வருஷம்வரை புளியமரத்து முனி செய்த வேலை. இப்போது அதை வெள்ளணுவின் தலையில் கட்டியாயிற்று. விஞ்ஞானம் யார் யாருக்கெல்லாம் கைகொடுக்கிறது பாருங்கள்! ஜன்னலோரம் இருந்த சந்தனமாரி, ஒரு நிமிஷம், அப்படியும் இருக்குமோ என்று தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அப்படி நினைக்கவைத்ததற்காகவே அத்தையை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அத்தை என்றால் சொந்த அத்தை. செத்துப்போன அப்பாவின் கூடப்பிறந்தவள். "மூணு தலைமுறையா வெளியில பொண்ணு எடுத்ததில்ல" என்று மார்தட்டுகிற குடும்பம். அந்த வெள்ளிக்கிழமை வெயிலம்மாள் தன் தம்பி கருத்தையாவையே வரவழைத்து, அவன் மகள் பூங்கொடியை மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டாள். பட்டும் புத்தி வராதவர்களுக்குப் பெருமை மட்டும் குறைவதில்லை.

காபி கொண்டுவந்த சந்தனமாரி கேட்டாள்: "அத்தை, பூங்கொடி ஒடம்புல ஓடுதது எந்த ரத்தம்?"

"இது என்னட்டி கேள்வி? நம்ம ரத்தம்தான்."

"அப்ப என் ஒடம்புல?"

வெயிலம்மாளுக்கு அது காதில் விழவில்லை. சந்தனமாரி குனிந்து அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை உருவினாள். வெற்றிலைக்கு நடுவே இரண்டு சீட்டும் சுண்ணாம்புக் கறையோடு கிடந்தன. தன்னுடையதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கருத்தையாவிடம் நீட்டினாள்.

"டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் எழுதுனாவ சித்தப்பா. ஒங்க மாப்பிள்ள இன்னும் கையவே நீட்டல."

கருத்தையா எழுத்துக் கூட்டிப் படித்தான். தூணோரம் நின்ற மருமகனை ஏற இறங்கப் பார்த்தான். காபியைத் தொடாமல் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"எக்கா, எம் மகளுக்கும் அதே ரத்தம்தான ஓடுது. அவளையும் இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ. நான் வாரேன்."

அவன் படியிறங்கிப் போனான். சந்தனமாரி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"காலையில மொத பஸ்ஸுக்கு நான் போறேன். நீங்க வந்தா ரெண்டு பேரா திரும்பி வருவோம். வரலைன்னா நான் அங்கன இருந்தே எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

ஊசியை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத ஆறடி ஆளுக்கு வியர்த்துக் கொட்டியது.