நாற்பத்து மூன்று மில்லிமீட்டர்

ஆண் குதிரை கிட்டே வந்ததும் பெட்டைக் குதிரை செவலை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, பலகை அதிர ஓர் உதை விட்டாள். கம்பவுண்டருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. முட்டை வெளியேறும்வரை வாலைத் தூக்கி நிற்கிற பெட்டை, வெளியேறி உள்ளே புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் ஆணைக் கிட்டே சேர்க்காது. பண்ணையில் பதினைந்து வருடம் ஸ்கேன் பார்க்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“வயசான காலத்துல திமிரைப் பாரு” என்றார் முதலாளி. போன பருவமும் செவலை சினைப்படவில்லை. இந்தக் கடைசிச் சுற்றிலும் பிடிக்காவிட்டால் கறிக்கு அனுப்பிவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா ஸ்கேன் நோட்டைப் புரட்டினாள். “நேத்து காலையில நாப்பத்தி மூணா?”

“ஆமா மேடம்” என்றான் கம்பவுண்டர்.

முந்தாநாள் நாற்பது பார்த்தது சத்தியம். நேற்று அவன் பார்க்கவே இல்லை. இருபது பெட்டைகளுக்குக் கைவிட்டுப் பார்த்ததில் தோள்பட்டை கழன்றுபோயிருந்தது, கடைசியில் நின்றவள் செவலை. அவளுடைய முட்டைப்பை நாளுக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும், நாற்பத்தைந்தைத் தாண்டித்தான் உடையும், ஒரு வருடம்கூடப் பிசகியதில்லை. நாற்பதோடு மூன்றைக் கூட்டி எழுதிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். பாவி, கணக்குக்கு அடங்காத குதிரையாக இருந்திருந்தால் பயத்திலாவது பார்த்திருப்பான். நேற்றே பார்த்து நேற்றே சேர்த்திருந்தால் பிடித்திருக்கும்.

டாக்டரம்மா தானே ஸ்கேன் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். “உடைஞ்சு ஒரு நாள் ஆயிருக்கும். நீ பார்த்த கொஞ்ச நேரத்துலயே போயிருக்கு. வயசானா ஹார்மோன் இப்படித்தான், சொல்லாம கொள்ளாம மாறும்.”

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ஸ்கேன் கருவியைத் துடைக்க ஆரம்பித்தான்.

செவலையைப் பார்த்துக்கொள்ளும் லாயத்து அக்கா அவனை ஓரமாக இழுத்துப் போனாள். “நேத்து சாயங்காலமே காதை மடக்குனா தம்பி. நான் சொன்னா யாரு கேக்குறா? நீ சொன்னா முதலாளி கேப்பாரு. அடுத்த பருவம் பிடிச்சுக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா.”

அவன் முதலாளியிடம் போனான். குதிரை மேல் குறை இல்லை என்றால் அடுத்த கேள்வி, குறை யார் மேல் என்பதுதான். டாக்டரம்மா நோட்டை இன்னும் மூடவில்லை.

“என்னப்பா, இனிமே இது தேறுமா?”

“தேறாதுங்க” என்றான்.

தூரத்தில் நின்ற அக்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவன் வாய் அசைந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு குனிந்து, செவலையின் வயிற்றில் ஒட்டியிருந்த சேற்றைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள்.