பணிக்கனார் குடிப் பிள்ளைகள்

பாறூக் சவூதியிலிருந்து வந்து இறங்கியபோது ஒரு டேப் ரெக்கோடர், நாலு கறுப்பு அபாயா அங்கி, மூன்று போத்தல் அத்தர், இவற்றோடு மார்க்கத்தையும் முழுசாகக் கொண்டு வந்திருந்தான். அவன் வரும்வரை ஏறாவூரில் அது அரைகுறையாகத்தான் கிடந்ததாம். ஆலிம்கள் வருடக் கணக்கில் மதறஸாவில் இருந்து ஓதுவதை, சவூதியின் தம்மாம் நகரில் தண்ணி பவுசர் லொறி ஓட்டிக்கொண்டே முடித்துவிட்ட கெட்டிக்காரன் அவன். வந்த மறுநாளே, உம்மா தேங்காய் துருவும் விதத்தைத் தவிர, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் திருத்தத் தொடங்கினான்.

தங்கச்சி ஸஹீதாவைத் திருத்துவது முதல் வேலை. ஸஹீதாவுக்குப் பதினேழு வயது. ஓலெவல் சோதனையில் ஊர் வாயைப் பிளக்கிற மாதிரிப் பாஸ் பண்ணியிருந்தாள். டொக்டராக வேண்டும் என்று ஆசை. ஆனால் ஊரில் அடுத்த படிப்பான ஏலெவலுக்கு ரசாயனம் படிப்பிக்க ஆளில்லை. படிப்பிக்க வந்தவர்களும் சண்டையைச் சாட்டி இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் ஏறி மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்குப் போய்த்தான் படிக்க வேண்டும்.

"தமிழாக்கள்ற இடத்துக்குக் குமருப் புள்ளய அனுப்புறதா? நாம தமிழரா? நாம முஸ்லிம்!" என்று குதித்தான் பாறூக். இதையும் அவன் தமிழில்தான் சொன்னான். அறபில் அவனுக்கு டீசல், தண்ணீர், சம்பளம் என்று மூன்று சொற்களே தெரியும்.

காக்கா என்று அழைக்கும் அந்த அண்ணனின் குதிப்பை ஸஹீதா ஒரு பொருட்டாக எடுத்திருக்க மாட்டாள். உம்மா கேட்ட கேள்விதான் அவளை அடக்கியது. தொண்ணூறில் ஆயுதத்தோடு ஊருக்குள் வந்தவர்கள் உம்மா ஆமினாவின் ஒரே தம்பி ஆதம்பாவாவைக் கொன்றுபோட்டார்கள். ஏழு வருடம் ஆகியும் உம்மா அவர்கள் வந்த பக்கத்துத் தமிழ் ஊர்களின் பெயரைக்கூட வாயால் சொல்வதில்லை, "அங்கிட்டு" என்பதோடு சரி.

"ஆரோட போவாய்?" என்று கேட்டாள் உம்மா.

"புஸ்பத்தோட. சித்தாண்டியில இருந்து அதே பஸ்ஸிலதான் வாற. கணக்கு வகுப்பில என்னோட படிச்ச தமிழ்ப் புள்ள."

"அவ ஆரு நமக்கு?"

கூட்டாளி என்றால் உம்மாவின் காதில் ஏறாது. உம்மாவின் உலகத்தில் சொந்தம் உண்டு, பிறத்தி உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது.

இதற்குள் பாறூக் மாப்பிள்ளை பார்த்துவிட்டான். தம்மாமில் அவனோடு ஒரே அறையில் கிடந்த காத்தான்குடிப் பையன் றமீஸ். பையன் மார்க்கப் பற்றுள்ளவன், சீதனம் ஹறாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வீடு மட்டும் பெண்ணின் பேரில் எழுதினால் போதும். அது சீதனம் அல்ல, அன்பளிப்பு. பெண்ணின் வீட்டில் மாப்பிள்ளை குடியேறுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று பாறூக்கே பெரிய மனதோடு இடமும் காட்டினான். துணிக்கடை வைத்திருந்த வாப்பா உசனார், கடையில் பேசிப் பேசிக் களைத்தவர் என்பதால், வீட்டில் வாய் திறப்பதில்லை. அன்றும் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, மாப்பிள்ளையின் தாய் செய்னம்பு தன் தங்கச்சிமாரான இரண்டு சாச்சிமாரோடு வந்தாள். பெண் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் முதலில் கூரையைப் பார்த்தார்கள், பிறகு கிணற்றைப் பார்த்தார்கள், மலசலகூடத்தின் கதவை இழுத்து மூடிப் பார்த்தார்கள். கடைசியில் நேரம் இருந்தபடியால் ஸஹீதாவையும் பார்த்தார்கள்.

உம்மா குசினியில் வட்டிலப்ப இனிப்பை வெட்டிக்கொண்டு நின்றாள். ஸஹீதா தேத்தண்ணித் தட்டோடு முன்னறைக்குப் போனாள். இவர்கள் தலையாட்டிவிட்டுப் போனால் கதை முடிந்தது. இனி ரசாயனம் என்பது வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்பதுதான்.

"நாங்க பணிக்கனார் குடி" என்றாள் செய்னம்பு கதிரையில் சாய்ந்துகொண்டு. "நீங்க மாலைகட்டி குடி எண்டு பாறூக் மகன் சொன்ன. நல்ல பொருத்தம்."

ஸஹீதா அவளிடம் ஒரு கோப்பையை நீட்டினாள். மாலைகட்டி, வாப்பாவின் குடி, அதாவது வம்சம். மட்டக்களப்பில் தமிழனோ முஸ்லிமோ, பிள்ளை தாயின் குடி. பால் குடிக்கிற வயதில் இருந்தே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஒரே குடியில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் காக்கா தங்கச்சி முறை, கலியாணம் பேசுவதே வெட்கக்கேடு. ஆனால் சவூதியில் பிள்ளைகள் வாப்பாவின் பரம்பரைதான் என்று பாறூக் யாரிடமோ கேட்டு வைத்திருந்தான். அதை அப்படியே காத்தான்குடிக்கும் ஏற்றுமதி செய்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் எந்தக் குடி என்பதை வீட்டில் சொல்லவுமில்லை.

வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் குமருப் பிள்ளைக்கு அழகு. ஸஹீதா அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள்.

"அது வாப்பாட குடி மாமி. நாங்க உம்மாட குடிதானே. பணிக்கனார்."

செய்னம்புவின் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. ஒரு சாச்சி "யா அல்லாஹ்" என்றாள். மற்றவள், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு துண்டு வட்டிலப்பத்தை அவசரமாக எடுத்துக்கொண்டாள்.

"குடி கிடி எல்லாம் ஜாஹிலிய்யா, அறியாமைக் காலத்துச் சங்கதி!" என்று வாசலில் நின்ற பாறூக் பாய்ந்து வந்தான். "மார்க்கத்தில அப்படி ஒண்டுமில்ல. இதெல்லாம் தமிழாக்கள்ட பழக்கம்."

"மார்க்கம் எங்களுக்கும் தெரியும் மகன்" என்றாள் செய்னம்பு, புது அபாயாவின் முக்காட்டைச் சரிசெய்தபடி. "அதுக்காகத் தங்கச்சியக் கட்ட ஏலுமா?"

வந்தவர்கள் ஸஹீதாவைத் தலையில் தடவி, "எங்கட குடிப் புள்ள" என்று கொஞ்சிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையாக வர இருந்த றமீஸ், முகம் காட்டாமலே காக்காவாகிவிட்டான்.

பாறூக் ஆடித் தீர்த்தான். உம்மா ஒரே அதட்டலில் நிறுத்தினாள். "போதும். குடிக்குள்ள கலியாணம் பேசி என்ட மானத்த வாங்கப் பாத்தாய். செய்னம்புட மகனும் நீயும் எனக்கு ஒண்டுதான். குடி எண்டா குடி."

ஸஹீதாவுக்குப் புஸ்பத்தின் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் சித்தாண்டிக் கோயிலில் திருவிழா நடந்தபோது, "இண்டைக்கு எங்கட குடிக்காரர்ர பூசை, வகுப்புக்கு வரமாட்டன்" என்று புஸ்பம் சொல்லியிருந்தாள். எந்தக் குடி என்று கேட்டு, பதிலைக் கேட்டு, இருவரும் வகுப்பில் ஏச்சு வாங்கும்வரை சிரித்திருந்தார்கள்.

"உம்மா, புஸ்பம் ஆரு நமக்கு எண்டு கேட்டீங்களே" என்றாள். "அவவும் பணிக்கனார் குடிதான்."

உம்மா கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஸஹீதாவுக்கு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று இருந்தது. ஆதம்பாவா மாமாவும் பணிக்கனார் குடிதானே. அன்று ஆயுதத்தோடு வந்தவர்களில் எத்தனை பேர் அதே குடியோ, யார் கேட்டார்கள்? அந்த எண்ணம் உம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும்.

ஏலெவல் வகுப்புத் தொடங்கிய அன்று காலை ஸஹீதா வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு, அடி விழுந்தாலும் விழட்டும் என்று வாசலுக்கு வந்தாள். உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ் தரிப்புக்கு நடந்தாள்.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி ஏற்றியதால் பஸ் பிந்தித்தான் வந்தது. புஸ்பம் யன்னலால் எட்டிப் பார்த்துக் கையாட்டினாள். நெற்றியில் திருநீறு, பக்கத்தில் ஸஹீதாவுக்குப் பிடித்து வைத்த இடம். உம்மா நேரே யன்னலடிக்குப் போனாள்.

"புள்ள, நீ பணிக்கனார் குடியா?"

"ஓம்."

"அப்பாட குடியா, அம்மாட குடியா?"

புஸ்பம் இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தாள். "அம்மாட குடிதான். அப்பாட குடிய ஆரு கேப்பாங்க?"

பாறூக்குக்குத் தெரியாதது சித்தாண்டிப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. உம்மா யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கொண்டக்டர் பஸ்ஸில் தட்டினான். உம்மா நகரவில்லை.

"எனக்கு ஒரு தம்பி இருந்த, புள்ள" என்றாள்.

புஸ்பத்தின் முகம் மாறியது. "தெரியும் மாமி. ஸஹீதா சொன்ன. எங்கட அண்ணனையும் ஆமி கொண்டு போன, இன்னும் வரல்ல."

அவள் மாமி என்றதற்கு உம்மா கோபிக்கவில்லை. ஒரே குடியில் மாமி முறை வராது, தாயின் அக்கா முறைதான் வரும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். கம்பியூடாகக் கையை விட்டு அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டாள்.

"பெரியம்மா எண்டு சொல்லு" என்றாள். "தங்கச்சியக் கூட்டிப் போறது போலவே பின்னேரம் கூட்டி வந்திரு. நான் இதிலதான் நிப்பன்."