மேல் கட்டை

சேகோ மில் தொட்டியின் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மரக்கட்டை அடைத்திருந்தது. அரைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கின் பால் இரவெல்லாம் அசையாமல் நின்றால் மாவு அடியில் படிந்து, தண்ணீர் மேலே தெளியும். மேல் கட்டையை முதலில் உருவவேண்டும். தண்ணீர் அந்தத் துளைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் மாவும் தண்ணீரோடு போய்விடும். தாமதித்தால் புளித்து மஞ்சளாகும்.

தவராசா மூன்றாவது கட்டையில் கை வைத்தபோது மனைவி நேசமலர் மூச்சிரைக்க வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு நாள் முந்தியே ஒபிசர் வந்திட்டார். பேர் கூப்பிடுறார். நீங்கள் நிக்காட்டி பேரை வெட்டிப்போடுவாராம்."

சொல்லிவிட்டு, குழந்தையை அடுத்த குடிசையில் விட்டிருந்ததால் வந்த வழியே ஓடினாள். மன்னாரிலிருந்து படகேறி வந்த அவர்களுக்கு சேந்தமங்கலம் சாலை முகாமில் அரசு குடிசை கொடுத்தது, அரிசி கொடுத்தது. மாதம் ஒருமுறை தலை எண்ணியது.

"நான் போட்டு வாறன் அண்ணை," என்றான் தவராசா.

"பாதித் தொட்டிய உட்டுப்போட்டா?" மேஸ்திரி சென்னியப்பன் அவன் தோளைப் பிடித்தார். "எனக்குப் பொரை உழுந்த கண்ணு சாமி. தண்ணி எது, பாலு எதுன்னு தெரியறதில்ல. சைக்கிள் ஓட்ட இது போதும். நான் போயிச் சொல்றேன். இந்தச் சுத்துவட்டாரத்துல நம்ம வாய்ச்சொல்லுக்கு மேல ஒரு சர்ட்டிபிகேட்டா?"

அனுமதிச் சீட்டில்லாமல் வெளிவேலை பார்க்கக் கூடாது என்பது முகாமின் விதி. அவனிடம் சீட்டில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று இந்த நான்கு மாதமும் தவராசா அதை அவரிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லியிருக்கலாம். அவர் வெள்ளைச் சட்டையை மாட்டும் வரைக்கும் நேரமிருந்தது. அவன் துளையில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாவது கட்டை முடியும்போது அவர் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடிச்சுச் சொல்லிப்போட்டேன். 'ஊரு சுத்தற ஆளில்லீங்க, நாலு மாசமா எங்க மில்லுல மாடாட்ட ஒழைக்கறானுங்க'ன்னேன். ஆபீசரு மில்லு பேரக்கூட கேட்டு எழுதிக்கிட்டாரு. மரியாதைக்காரரு."

தவராசா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான்.

"ஏஞ் சாமி? என்ன தப்பாச் சொன்னேன்?"

"நீங்கள் ஒண்டும் தப்பாச் சொல்லேல்லை அண்ணை."

அவன் முகாமுக்கு ஓடிச் சேர்ந்தபோது ஜீப் போயிருந்தது. வேப்பமரத்தடியில் அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். பையை விரித்துப் பிடித்தபடி நேசமலர் முன்னால் நின்றாள். அளப்பவர் நோட்டில் விரலை ஓட்டினார், அடித்திருந்த ஒரு வரியில் நிறுத்தினார், இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் பையை மடித்துக்கொண்டு விலகினாள். வரிசை ஓரடி முன்னே நகர்ந்து அவள் நின்ற இடத்தை நிரப்பியது.