அக்காவின் கல்யாண நெட்டு

வெள்ளை ஃபாண்டன்ட் சர்க்கரைமாவு மூடிய கேக்கின் மேல் அக்காவின் கல்யாண நெட்டு, மணப்பெண்ணின் வலைத்துணி முக்காடு, விரிந்து கிடக்கிறது, அதன் ஓரத்துப் பூவேலை மீது பிரிஸ்கா சின்ன உருளையை அழுத்தி உருட்டுகிறாள், ஒவ்வொரு பூவும் சர்க்கரையில் பதிய வேண்டும், நாளைக்கு இந்த நெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குள் நடக்கப்போகிறவள் அக்கா மகள் ஜெசிந்தா, தாய் முகம் பார்க்காதவள், அம்மாவுடையது என்று அவளுக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான், அதே பூ கேக்கிலும் இருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம், ஒட்டாமலிருக்கச் சோளமாவு தூவியிருக்கலாம், தூவினால் நெட்டின் கண்கள் அடைத்துப் பூ மங்கிவிடும் என்று விட்டுவிட்டாள், தூத்துக்குடிக் காற்று ஈரமாக உள்ளே வருகிறது, அன்றைக்குக் கல்யாணப்பெண்ணாகக் கோயில் வாசலில் லியோனி அக்கா திரும்பிப் பார்க்கிறாள், ஏட்டி, நுனிய நல்லாப் பிடி, மண்ணுல இழுபடுது பாரு, அக்கா சிரிக்கிறாள், அக்கா நிறைமாதமாக மூச்சு வாங்குகிறாள், அக்கா சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறாள், நெட்டையும் போர்த்தி அனுப்பிருவோமா என்று யாரோ கேட்கிறார்கள், வேண்டாம், பிள்ளைக்கு வேணும், பச்சைக்குழந்தையை அணைத்துக்கொண்டு கத்துவது தன் குரல்தானா, உருளை எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

நெட்டைத் தூக்கினாள், வரவில்லை, வியர்த்த சர்க்கரை நூலைக் கவ்விக்கொண்டிருந்தது, லேசாக இழுத்ததும் ஒரு பூவின் இதழ் விட்டுப்போனது, பிரிஸ்கா இழுப்பதை நிறுத்தினாள். மருதாணிக் கையோடு வந்து நின்ற ஜெசிந்தா பார்த்ததும் வெளிறிப்போனாள், கிழிஞ்சிருமா சித்தி, கிழிய விடமாட்டேன் மக்கா, நீ தள்ளிக்க, என்றவள் யோசிக்கவில்லை, வெதுவெதுப்பான தண்ணீரைக் கேக்கின் தலையிலேயே ஊற்றத் தொடங்கினாள், ஐயோ கேக்கு சித்தி, போனாப் போவுது, பார்த்துப் பார்த்துப் பதித்த பூவெல்லாம் கரைந்து பால்போல மேசையில் ஓடியது, உள்ளிருந்த பழுப்புக் கேக் ஊறி இடிந்து விழுந்தது, நூல் நூலாக நெட்டு கைக்கு வந்தது. விட்டுப்போன இதழைத் தைத்து, அலசி நிழலில் உலர்த்தினாள், வேறொரு கேக்கை எந்தப் பூவும் இல்லாமல் வழுவழுவென்று மூடி வைத்தாள்.

இப்போது கோயில் வாசல், உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது, பிரிஸ்கா நெட்டை ஜெசிந்தாவின் முகத்தின் மேல் இறக்கிவிடுகிறாள், ஓரத்துப் பூ உதட்டில் படுகிறது, பிள்ளை அசையாமல் நிற்கிறாள், என்னட்டி, சித்தி, இனிக்கிது, ஐயோ நல்லாத்தானே அலசுனேன் என்று பதறிப்போய்க் கைக்குட்டையை எடுக்கிறாள் பிரிஸ்கா, ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள், நெட்டுக்குள் கண் நிறைந்திருக்கிறது.

இருக்கட்டும் சித்தி, தொடைக்காதிய.