சித்தி மகனும் வெற்றுக் குறிகளும்

மனிதகுலம் செய்த மகத்தான காரியம் நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. பொருள்களைப் பெட்டிக்குள் போட்டு மூடக் கற்றுக்கொண்டதுதான். இதைப் பெரியவன், அலுவலகத்தில் இருந்த அத்தனை பேருக்கும், ஏசி பழுதுபார்க்க வந்தவருக்கும் சேர்த்து அறிவித்தான்.

அவன் வலைப்பக்கங்கள் செய்பவன். பக்கத்தைத் துண்டு துண்டாக எழுதிச் சேர்க்க வேண்டும். ஒரு துண்டு ஒரே ஒரு பொருளைத்தான் பக்கத்துக்குத் தரலாம் என்பது சட்டம். இரண்டு பொருள் இருந்தால், பெரியவன் ‘டிவ்’ என்ற பெட்டிக்குள் இரண்டையும் திணிப்பான். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று. வீடு மாற்றுகிறவர்களின் கூடம்போல் இருக்கும் அவன் எழுதும் நிரல்.

சின்னவன் அவனுடைய சித்தி மகன். இருவரும் ஒன்றாகப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். நிரந்தர வேலை ஒருவனுக்குத்தான். யாருக்கு என்பது இன்று மாலை தெரிந்துவிடும். சின்னவன் பெட்டி போடுவதில்லை. ‘டிவ்’ என்று எழுத வேண்டிய இடத்தில், உள்ளே பெயர் எதுவும் எழுதாத வெற்று அடைப்புக் குறிகளைப் பொருள்களுக்கு முன்னும் பின்னும் வைத்துவிடுவான்.

“என்னடா, உள்ள பேரே எழுதல? மறந்துட்டியா?”

“இல்லண்ணே. எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். ஆனா பக்கத்துல அது இருந்த தடமே இருக்காது.”

“காத்தை மூட்டை கட்டி வெச்சிருக்கே. இதுக்குப் படிப்பு வேற!”

எல்லாரும் அக்கா என்று அழைக்கும் அணித் தலைவி சின்னவனின் திரையை எட்டிப் பார்த்து, “எவ்ளோ சுத்தமா இருக்கு!” என்றார். பெரியவன் தன் திரையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். போதாததற்கு அம்மா போன் செய்தாள். “வேலை சின்னவனுக்குத்தான்னு சித்தி சொல்றா, நீ சாப்பிட்டியா?” நடுவில் மூச்சுகூட விடவில்லை.

அக்கா கடைசித் தேர்வாக இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார்: விமான நேர அட்டவணை. எண், ஊர், நேரம், வாசல் என நான்கு பத்திகள். ஒவ்வொரு வரிசையின் கட்டங்களையும் பெரியவன் முறைப்படி பெட்டிக்குள் அடைத்தான். நான்கு தலைப்புகளும் விரிந்து நின்றன. பெட்டி முழுவதும் ஒரே கட்டமாகிவிட்டதால், ஊர், நேரம், வாசல் எல்லாம் ‘எண்’ என்ற தலைப்பின் கீழே முண்டியடித்துக்கொண்டு கிடந்தன. மற்ற மூன்றின் கீழும் பொட்டல். பெட்டியை அகலமாக்கினான். வெளியே இன்னொரு பெட்டி போட்டான். நீல நிறம்கூட அடித்துப் பார்த்தான்.

“அண்ணே, நான் பார்க்கட்டுமா?”

“உன் வேலையப் பாருடா.”

“அது முடிஞ்சிருச்சுண்ணே.”

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

காபிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். பெரியவனுக்குத் தலைவலியாம், வரவில்லை. அறை காலியானதும் கதவை ஒருமுறை பார்த்தான். பெட்டியை அழித்தான். வெற்றுக் குறி ஒன்றை மேலே வைத்தான், ஒன்றைக் கீழே வைத்தான். கட்டங்கள் எழுந்து, தத்தம் தலைப்பின் கீழ் போய் நின்றன. அவ்வளவு அழகாக நின்றதை அவனால் மன்னிக்கவே முடியவில்லை.

சின்னவன் அண்ணனுக்கும் ஒரு காபியோடு வந்தான். “அட, சரியாயிருச்சே! எப்படிண்ணே?”

“பெட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கினேன்.”

சின்னவன் தன் இடத்துக்குப் போய் உட்காரும்வரை பொறுத்திருந்து, பெரியவன் அடுத்த துண்டைத் திறந்து, அங்கிருந்த பெட்டியையும் சத்தமில்லாமல் கழற்றினான்.