மிச்சத்தை மருமகள் சொல்வாள்

பக்கவாதம் வெள்ளைச்சாமியின் பேச்சில் வாலை மட்டும் நறுக்கிவிட்டது. மனதுக்குள் ‘பசிக்குது’ என்று முழுதாகத்தான் எழும்பும். வாயைத் தாண்டும்போது ‘பசி’ என்று மொட்டையாக விழும். மிச்சத்தை மருமகள் இளமதி ஒட்டவைப்பாள்.

இலுப்பூரிலிருந்து தம்பி அடைக்கலம் பார்க்க வந்திருந்தான்.

“பசி...” என்றார் வெள்ளைச்சாமி.

“பசிக்கலையாம், சின்ன மாமா.” சோறு குறைந்தால் அலசுகிற பீத்துணியும் குறையும் என்பது அவள் கணக்கு.

“சோறு...”

“வேணாமாம்.”

அண்ணனுக்கென்று கொண்டுவந்த கறியை அடைக்கலமே தின்றுவிட்டு பஸ்ஸுக்கு எழுந்தான். வெள்ளைச்சாமி அவன் வேட்டியை இறுக்கிப் பிடித்தார். ‘போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போடா’ என்று உள்ளே துடித்தது.

“போ...” என்றது வாய்.

“போயிட்டு வரச் சொல்றாரு,” என்று இளமதி அவர் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

“இந்த நெலமையிலயும் வழியனுப்ப மறக்கலையே அண்ணன்!” அடைக்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.